தேர்ச்சி எனும் கருணை

ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்ட பையனுக்கு ரெண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்க வரவில்லை. அவனை இதுவரை தேர்ச்சி போட்டு அனுப்பியது இரக்கமா, வஞ்சகமா?

இது ஒத்தப் பையன் சமாச்சாரம் அல்ல. 2023இல் 26 மாநிலங்களின் 28 மாவட்டங்களில், கிராமப்புறத்தில் 14 முதல் 18 வயதுக்காரர்களைச் சோதித்தது 'அசர்' ஆய்வு. நூற்றுக்கு 86 பேருக்கு மேல் ஏதோவொரு கல்விக்கூடத்தில் பெயர் பதிந்தவர்கள். ஆனாலும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் தன் வட்டார மொழியில் ரெண்டாம் வகுப்புப் பாடம் சரளமாக வரவில்லை.

"ஃபெயில் போடு, அப்பதான் படிப்பான்" என்கிறது ஒரு கூட்டம். எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்தக் கூடாது என்றது 2009 கல்வி உரிமைச் சட்டம். மாநிலங்கள் விரும்பினால் ஐந்திலும் எட்டிலும் நிறுத்தலாம் என்று 2019இல் அதைத் திருத்தினார்கள். யாரை நிறுத்துவார்கள்? வீட்டில் சொல்லித்தர ஆளில்லாதவனை, டியூசனுக்குக் காசில்லாதவளை. நிறுத்தினால் நம்ம பிள்ளை செங்கல் சூளைக்கும் மில்லுக்கும்தான் போகும். சொல்லித்தராதது பள்ளி, தண்டனை பிள்ளைக்கு. எந்த ஊர் நியாயம் இது?

அதுக்காகத் தேர்ச்சி போட்டுத் தள்ளிவிடுவது நியாயமாகிவிடாது. "இதுங்களுக்கு இவ்வளவுதான் வரும்" என்கிற நினைப்பு அந்தக் கருணைக்குள் ஒளிந்திருக்கிறது. முன்பு பள்ளிக்கூட வாசலை மறித்தது சாதி. இன்று வாசல் திறந்திருக்கிறது, சத்துணவு உண்டு, புத்தகம் உண்டு. எழுத்து மட்டும் கைக்கு வருவதில்லை.

எழுத்து நமக்கு அலங்காரம் அல்ல. 1892 முதல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும், எத்தனையோ கைநாட்டில் போனது. பேரன் இன்று கையெழுத்துப் போடுகிறான். அதுக்கு மேலே என்ன எழுதியிருக்கு என்று வாசிக்கத் தெரியாவிட்டால், தாத்தாவின் கைநாட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? லோன் பத்திரமோ, காவல் நிலையத்தில் நீட்டுகிற தாளோ, நீட்டுகிறவன் சொன்னதுதான் அவனுக்கு வாசகம்.

ஆக, நிறுத்துவதா தள்ளுவதா என்பதே பொய்க் கேள்வி. ரெண்டிலும் கூண்டில் நிற்பது பிள்ளை. கடன்பட்டது பள்ளி. பதினஞ்சு வயசானால் அந்தக் கடன் காலாவதி ஆகிவிடாது. ஒன்பதாம் வகுப்பிலேயே தினம் ஒரு பாடவேளை ஒதுக்கி, எழுத்துக் கூட்டுவதிலிருந்து சொல்லிக்கொடுக்கட்டும். அணிலும் ஆடும் வேண்டாம். பட்டா, கூலிச் சீட்டு, புகார் மனு என்று அவன் வயசுக்கேத்ததை வைத்து, மத்தவன் முன்னால் அவமானப்படுத்தாமல் சொல்லிக்கொடுக்கட்டும்.

இது சலுகை இல்லை, பாக்கி. பாக்கியைக் கேட்க நமக்கென்ன வெட்கம்?