ஆசனம் பயில்வோர்க்கு அகிம்சை

யோகாசன வகுப்புகள் ஊர்தோறும் பெருகியுள்ளன. 2014ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை ஜூன் 21ஆம் நாளை உலக யோகா நாளாக அறிவித்த பின்னர், பள்ளிச் சிறார் முதல் ஓய்வு பெற்ற பெரியோர் வரை பலரும் சேருகின்றனர். நம் குடும்பத்தினரும் சேருகின்றனர், நல்லதே. ஆயினும் முதல் நாள் வகுப்பிலேயே ஓர் அறவினா எழுந்துவிடுகிறது. அருகிலிருப்பவர் எளிதாகக் குனிந்து பாதத்தைத் தொடுகிறார். நம் கைகளோ முழங்காலைத் தாண்ட மறுக்கின்றன. பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிப் பிடித்துவிடலாமா? பிற உயிர்க்குத் தீங்கு நினையேன் என விரதம் பூண்ட சிராவகன், தன் உடலை வருத்துவதில் குற்றம் உண்டா?

இல்லை என்றே முதலில் தோன்றும். புறத்தவம் ஆறனுள் காயக்லேசமும் ஒன்றன்றோ? உண்ணாநோன்பு நோற்போரை நாம் வணங்குகிறோம். உடலை வருத்துதல் தவமாயின், இடுப்பு நோக வளைதலும் தவமே என வாதிப்போரும் உளர். இவ்வாதம் மேலோட்டமானது. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில், உயிர்க்கு ஊறு விளைதலை மட்டும் சொல்லி அமையவில்லை. அவ்வூறு பிரமாதத்தால், அதாவது விழிப்பற்ற நிலையால், விளைவதைச் சேர்த்தே சொல்கிறார். தீர்த்தங்கர நாமகர்மத்திற்குக் காரணமாகிய 16 பாவனைகளிலும் தவம் தன் ஆற்றலுக்கு ஏற்ப என்ற அடையோடுதான் இடம்பெறுகிறது. தவசி உடற்பற்று நீங்குதற்பொருட்டு அறிந்தே துன்பத்தை ஏற்கிறார். வகுப்பில் அடுத்தவரைப் பார்த்து முதுகை முறுக்குபவரைச் செலுத்துவதோ மானம் என்னும் கஷாயம். வலி ஒன்றாக இருக்கலாம், வினை ஒன்றன்று.

பதஞ்சலி முனிவரின் எட்டு உறுப்புகளில் ஆசனம் மூன்றாவதே. முதலாவதான இயமத்தில் அகிம்சை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், அபரிக்கிரகம் என ஐந்து உள்ளன. நம் ஐந்து விரதங்களும் இவையே. ஆதலின் வகுப்பிற்குச் செல்வதற்கு முன்பே ஆயத்தம் தொடங்கிவிடுகிறது.

இவற்றுள் மிகுதியும் மீறப்படுவது வாய்மை. இரத்த அழுத்தம், கண் நீர் அழுத்தம், முதுகெலும்புத் தட்டு விலகல், அண்மையில் செய்துகொண்ட அறுவை சிகிச்சை, கருவுற்றிருத்தல் ஆகியவற்றை ஆசிரியரிடம் சொல்லக் கூசுவோர் பலர். "நம்மை நோயாளி என எண்ணிவிடுவார்களே" என்னும் நாணம்தான். தலைகீழாக நிற்கையில் கண்ணினுள் அழுத்தம் உயரும். கண் நீர் அழுத்த நோயுள்ளவர் மறைத்துவிட்டுச் சிரசாசனம் செய்தால், ஆசிரியர் அறியாமலேயே அத்தீங்கிற்குத் துணைபோகிறார். தம் மௌனத்தால் பிறரையும் வினையில் கூட்டுதல் சிறு குற்றமன்று. அவ்வாறே, ஆசிரியர் கைகொடுத்து அழுத்தும்போது மூட்டில் குத்துவலி தோன்றினால் "போதும் ஐயா" எனச் சொல்வது மரியாதைக் குறைவாகாது.

பத்மாசனத்தைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். ஜினாலயத்தில் தினமும் அமர்ந்த திருக்கோலத்தைத் தரிசிக்கும் நமக்கு, அவ்வாறே அமரவேண்டுமென்ற ஆவல் இயல்பு. ஆனால் முழங்கால் பெரும்பாலும் கதவுக் கீல் போல மடங்கி நீளும் மூட்டு. திருகலுக்கு அதில் இடம் மிகக் குறைவு. கால் புறம் நோக்கித் திரும்புவது இடுப்பு மூட்டில் நிகழவேண்டும். நாற்காலியிலேயே வாழ்ந்தவர்க்கு இடுப்பு இறுகியிருக்கும். அது திரும்பாதபோது காலை வலிந்து தொடைமேல் ஏற்றினால் சுமை முழுவதும் முழங்காலின் தசைநார்க்கும் குருத்தெலும்புக்கும் போய்ச் சேரும். தமிழகத்துச் சிற்பங்களில் பல ஜினபிம்பங்கள் ஒரு காலை மட்டும் மேலேற்றிய அர்த்த பரியங்காசனத்தில் வீற்றிருப்பதை நினைவிற் கொள்வது நலம். அதுவும் இயலாதார் மடித்த கம்பளத்தின்மேல் சம்மணமிட்டு அமரலாம். எல்லை எது என்பதை மூச்சே உணர்த்தும். மூச்சு அடைபட்டாலோ, தடுமாறினாலோ எல்லை கடந்தாயிற்று.

அபரிக்கிரகத்திற்கு ஒரு சொல் போதும். தளர்ந்த பருத்தியாடையும் வழுக்காத விரிப்பும் இருந்தால் நிறைவு. வழவழப்பான தரையில் ஜமக்காளம் மட்டும் விரித்தால் நழுவும். சிக்கனம் அங்கே உதவாது.

நேரம் குறித்து நம்மவர்க்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நிறைவாக உண்டபின் மூன்று, நான்கு மணி நேரம் கழித்தே ஆசனம் செய்யவேண்டும். இரவுணவு நீத்தவர் மாலை 6 மணி வகுப்பில் சேர்ந்தால் என் செய்வார்? சென்னையில் நவம்பரில் 5.40 மணியளவிலும், ஜூலைத் தொடக்கத்தில் 6.40 மணியளவிலும் சூரியன் மறைகிறது. முன்னர் உண்டால் வயிறு கனக்கும். பின்னர் உண்டால் விரதம் பழுதுறும். மாலை நேரமே வாய்ப்போர் நண்பகல் உணவை நிறைவாகவும், பிற்பகல் சிற்றுணவை மூன்று மணியளவில் எளிதாகவும் கொள்ளலாம். ஆனால் வெறும் வயிற்றோடு செல்லும் காலை வகுப்பே நமக்கு மிகப் பொருந்தும் என்பது என் கருத்து.

இறுதியில் ஆசிரியர் சவாசனத்திற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவார். அதனை வெறும் ஓய்வென எண்ணி, விரிப்பைச் சுருட்டிக்கொண்டு புறப்படுவோர் உண்டு. உடலைத் தளர்த்தி, அதன்மேல் உரிமை பாராட்டாது கிடக்கும் அந்நிலை காயோத்சர்க்கத்திற்கு மிக நெருங்கியது. சாமாயிகத்தில் நெடுங்காலம் பழகிய நம் பாட்டிமார் இதனை முதல் நாளிலேயே செம்மையாகச் செய்துவிடுகின்றனர். குனிந்து பாதம் தொட இயலாதாரும் அவர்களே.