நிறைந்த கிணறும் மூழ்கின வயலும்



வருஷத்தில் பெரும்பாகம் வெறும் மணலாய்க் கிடக்கிற ஆறு நம்முடைய ஆறு. அமிர்திக் காட்டு ஓடைத் தண்ணீர் நாகநதியாய்க் கண்ணமங்கலம் பக்கமாக இறங்கி, கமண்டல நதியோடு கூடி, செய்யாற்றிலும் பின்பு பாலாற்றிலும் கலந்து கடலுக்குப் போகிறது. மழை பொய்த்தால் ஆறு வறண்டது என்று புலம்புகிறோம். ஐப்பசி கார்த்திகையில் அது கரைபுரண்டால் நடுங்குகிறோம்.

1903 நவம்பரில் பாலாறு வாணியம்பாடியில் அநேக உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2021 நவம்பரில் அதே ஆற்றில் வினாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் ஓடினது. 2024 டிசம்பர் துவக்கத்தில், ஃபெஞ்சல் புயலினால், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடி திறந்துவிடப்பட, தென்பெண்ணைக் கரையோரத்துப் பயிர்களெல்லாம் மூழ்கின. நமது ஜவ்வாது மலைத் தண்ணீரில் ஒரு பங்கும் அந்த ஆற்றுக்கே போகிறது.

வெள்ளம் சில நாளில் வடிந்துவிடும். குடியானவனுடைய துன்பமோ அப்போதுதான் துவங்குகிறது. சம்பா நெல் அழுகிப்போகிறது. வண்டல் படிந்த வயல் பிழைத்தது. மணல் மூடின வயலையோ காசு கொடுத்து வாரித்தான் மீட்கவேண்டும். வரப்பு கரைந்திருக்கும், மோட்டாரில் சேறு புகுந்திருக்கும். வைக்கோல் போனதால் கறவை மாட்டை வந்த விலைக்கு விற்பான். விதைக்கும் கூலிக்கும் மனைவியின் நகை அடகுக்குப் போகும். 2024-ல் சர்க்கார் அறிவித்த நிவாரணம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சேதமான இறவை நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். அதாவது ஏக்கருக்கு 7,000 ரூபாய்க்கும் குறைவு. வாய்ப்பேச்சாய்க் குத்தகைக்கு எடுத்து உழுதவனுக்கோ அதுவும் எட்டுவது அரிது. ஏனெனில் பட்டா வேறொருவர் பெயரில் இருக்கிறது.

இப்படிப்பட்டவனைப் பார்த்து, "அவன் செய்த பாவம்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. சீலோவே கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளல்ல என்று நமது ஆண்டவர் சொன்னதை இவர்கள் மறந்துபோனார்கள். அவர் மனந்திரும்பச் சொன்னது உயிரோடு நின்றவர்களை.

உயிரோடு நிற்கிற நாம் எதில் மனந்திரும்ப வேண்டும்? நன்றாய் யோசித்துப் பாருங்கள். ஆற்றோரத்தானுடைய வயலை மூடின அதே தண்ணீர்தான் நம்முடைய ஏரியை நிரப்பிற்று. நம்முடைய கிணற்றில் ஊறினது. அடுத்த போகத்துக்கு நாம் மோட்டார் போடுவது அந்த வெள்ளத்தின் புண்ணியத்தால். ஒரே தண்ணீரில் ஒருவனுக்கு நஷ்டமும் இன்னொருவனுக்கு லாபமும் வந்திருக்க, லாபம் பெற்றவன் நஷ்டப்பட்டவனுக்குக் கொடுப்பதைப் பிச்சை என்று சொல்லலாமா? அது கடன்.

ஆகையால் கிணறு நிறைந்தவர்கள் விதைநெல்லில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கட்டும். பணம் உள்ளவர்கள் வெள்ளத்தில் அடிபட்டவனிடம் வட்டி வாங்காதிருக்கட்டும். திரிகைக் கல்லை அடகு வாங்கக்கூடாது என்று மோயீசன் சட்டம் விலக்கினது. அது அந்தக் குடும்பத்தின் பிழைப்பே. இந்நாளில் கறவை மாடும் மோட்டாரும் அப்படிப்பட்டவையே. பட்டாதாரர் பெயரில் வந்த நிவாரணப்பணம் வியர்வை சிந்தி உழுதவனுக்குச் சேரட்டும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுகிறவன் கோவிலுக்குக் காணிக்கை போட்டு அந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது.

மேலும், மலைமேல் இருக்கிறவர்கள் ஓடைக்கரை மரங்களை வெட்டாமல் விடுங்கள்; சரிவில் மேலும் கீழுமாக உழாமல் குறுக்கே உழுங்கள். இங்கே கரைகிற மண் கீழே மற்றொருவனுடைய வயலில் போய் விழுகிறது. கீழே இருக்கிறவர்கள் வாய்க்காலையும் ஏரிக் கலங்கலையும் அடைத்துக் கட்டாதிருங்கள். மேட்டிலிருப்பவனும் பள்ளத்திலிருப்பவனும் ஒரே தண்ணீரைக் குடிக்கிறார்கள்.

வரப்போகும் மழைக்காலத்தில் எந்த வயல் மூழ்கும், எந்தக் கிணறு நிறையும் என்று சர்வேசுரன் ஒருவரே அறிவார். இந்த வருஷம் கொடுக்கிறவன் வருகிற வருஷம் வாங்க நேரிடலாம். இன்று மாலை வீட்டில் ஜெபமாலை சொல்லி முடித்தபின், நம் தெருவில் யாருடைய வயல் இன்னும் மணலாய்க் கிடக்கிறது என்று குடும்பத்தார் பேசிப்பாருங்கள். நாளைக் காலையில் அந்த வீட்டு வாசலுக்குப் போங்கள்.

ஆமென்.