உரையளவையின் எல்லை

அறிவு பிறக்கும் வாயில்களை இந்தியத் தருக்க மரபு அளவை என்று வழங்குகிறது. காண்டல், கருதல், உரை என்னும் மூன்றைச் சைவ சித்தாந்தம் முதன்மையாகக் கொள்ள, நியாய தரிசனம் ஒப்பையும் சேர்த்து நான்காக்குகிறது. நம்பத்தக்கவர் சொல்லால் வரும் அறிவாகிய உரை, இவற்றுள் தனியொரு சிக்கலை உடையது. கண்டவர் சொன்னதைக் காணாதவர் ஏற்க வேண்டுமானால், சொன்னவர் நம்பத்தக்கவர் என்பதற்கு மற்றோர் அளவை வேண்டும். அதுவும் பிறர் சொல்லே என்றால் சான்றுக்குச் சான்று தேடும் வேலை ஓயாது. இவ்வாறு முடிவின்றி நீளும் குற்றத்தை வடமொழியார் அநவஸ்தை என்றனர். ஏட்டோடு நின்றுவிட்டதாகத் தோன்றும் இவ்விவாதத்தின் மேல்தான் இணையத்தின் மறையாக்கம் இன்று நிற்கிறது என்பதைத் தில்லியில் 2014இல் நேர்ந்த ஒரு பிழை வெளிப்படுத்தியது.

பல்லாயிரம் பேர் ஒரே வேளையில் நாடும் ஓர் இணையதளத்தின் முகப்பில், வரும் வேண்டுகோள்களைப் பின்னாலுள்ள சர்வர்களுக்குப் பங்கிட்டு அனுப்பும் லோட் பேலன்சர் நிற்கிறது. தில்லியில் 2021 முதல் இயங்கும் கூகுள் கிளவுட் வட்டாரத்திலானாலும் வேறெங்கானாலும், அதில் மறையாக்கத்தை அமைக்கும் முறை பெரிதும் ஒன்றே. அமைப்பவர் இரண்டு சாவிகளை உருவாக்கி, தனிச்சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, பொதுச்சாவியைத் தளத்தின் பெயரோடு சேர்த்துச் சான்றளிக்கும் அமைப்பு ஒன்றுக்கு அனுப்புகிறார். அப்பெயர் விண்ணப்பித்தவரின் ஆளுகையில்தான் உள்ளதா என்று சோதிக்க, தான் தரும் எழுத்துக் கோவை ஒன்றைத் தளத்தின் பெயர்ப்பதிவில் எழுதிக் காட்டுமாறு அந்த அமைப்பு கேட்பதுண்டு. சோதனையில் தேறினால் கையொப்பமிட்டுச் சான்றிதழ் தருகிறது. சான்றிதழில் கையொப்பமிடுவது பெரும்பாலும் ஓர் இடைநிலை அமைப்பு. அதற்குச் சான்று மூல அமைப்பின் கையொப்பம். மூலத்துக்கோ தனக்குத் தானே இட்டுக்கொண்ட கையொப்பத்தைத் தவிர வேறு சான்று கிடையாது. தளத்தின் சான்றிதழை ஏற்றியவர் இடைநிலைச் சான்றிதழை ஏற்ற மறந்துவிட்டால், இரு முனைகளும் மெய்யாகவே இருந்தும் பிரவுசர் எச்சரிக்கை காட்டக்கூடும். இடையில் ஒரு கண்ணி விடுபட்டாலும் மெய்யான சொல் அளவையாகாமல் போகிறது.

தனக்குத் தானே சான்றாகும் மூலத்தில் இச்சங்கிலி நிற்பது நியாயமா என்பதே மெய்யியல் எழுப்பும் கேள்வி. அறிவு தன்னளவிலேயே செல்லுபடியாகும், அதைப் பொய்யாக்கும் வேறோர் அறிவு தோன்றும்வரை அதை ஏற்கலாம் என்பது குமாரிலர் முதலிய மீமாம்சகர் கொள்கை. அறிவின் செல்லுபடி புறத்தேயிருந்து வருவது, சொன்னவரின் தகுதியாலும் அதை நம்பிச் செய்த செயல் பலித்ததாலும் அது தெரியவருகிறது என்பது நையாயிகர் மறுப்பு. இயங்குதளத்திலோ பிரவுசரிலோ முன்பே பதிந்துவைத்த மூலப் பட்டியலை எவரும் நாள்தோறும் ஆராய்வதில்லை என்பதால், இணையப் பயனர் தம்மை அறியாமலே மீமாம்சகராக வாழ்கிறார்.

பொய்யாக்கும் அறிவு 2014 ஜூலை 2 அன்று தோன்றியது. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன்கீழ் அமைந்த சான்றளிக்கும் அமைப்புகளின் கட்டுப்பாட்டாளரது மூலத்தின்கீழ் இயங்கிய, தில்லியைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய தகவலியல் மையத்தின் இடைநிலைச் சான்றால், கூகுளின் தளப்பெயர்களுக்கு அதன் ஒப்புதலின்றிச் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதை அன்று கூகுள் அறிந்தது. மறுநாளே அந்த இடைநிலைச் சான்றுகளைக் கட்டுப்பாட்டாளர் ரத்து செய்தார். மையத்தின் வழங்கு முறை ஊடுருவப்பட்டதென்றும், தவறாக வழங்கப்பட்டவை 4 என்றும், அவற்றுள் 3 கூகுளுக்கும் 1 யாகூவுக்கும் உரிய பெயர்களுக்கானவை என்றும் அவரது விசாரணை கூறியது. ஆனால் அந்த நான்கிற்கு அப்பாலும் சில இருப்பதைக் கூகுள் கண்டிருந்தது. இந்திய மூலம் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இடம்பெற்றிருந்ததால் விண்டோஸ் கணினிகள் அச்சான்றிதழ்களை மெய்யென ஏற்கும் நிலையில் இருந்தன. தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்ஃபாக்ஸை இப்பிழை தொடவில்லை. ஒரே சொல் ஒருவருக்கு அளவையாகவும் மற்றவருக்கு வெறும் ஓசையாகவும் இருந்தது.

இதன்பின் குரோம் எடுத்த முடிவே மெய்யியல் நோக்கில் கூர்ந்து பார்க்கத்தக்கது. அது இந்திய மூலத்தை முற்றிலும் தள்ளவில்லை. இந்திய அரசு, கல்வி நிறுவனங்கள், ரிசர்வ் வங்கி முதலியவற்றுக்குரிய 7 தளப்பெயர்களுக்கும் அவற்றின் உட்பெயர்களுக்கும் மட்டுமே அதன் சொல் செல்லும் என்று வரையறுத்தது. கௌதமரின் நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், ஆப்தன் எனப்படும் நம்பத்தக்கவனுக்குச் சொன்ன இலக்கணத்தோடு இம்முடிவு ஒத்துப்போகிறது. பொருளை நேரே அறிந்து, அறிந்தவாறே பிறருக்குத் தெரிவிக்க விழைந்து பேசுபவன் ஆப்தன். முனிவர், ஆரியர், மிலேச்சர் என்னும் வேறுபாடின்றி எவருக்கும் இவ்விலக்கணம் பொது என்கிறார் அவர். பிறப்போ பதவியோ ஒருவனை ஆப்தனாக்குவதில்லை, நேரறிவே ஆக்குகிறது என்றால், நேரறிவு முடியும் இடத்தில் ஆப்தத்தன்மையும் முடியவேண்டும். தில்லியின் அரசு அலுவலகங்களை அறிந்த ஓர் அமைப்பு, கலிபோர்னியாவின் நிறுவனத்தையும் அறிந்ததாகப் பேசத் தடையில்லாதிருந்ததே அமைப்பின் குறை. எவரை நம்புவது என்பதோடு எந்தப் பொருளில் என்றும் கேட்டிருந்தால், மூலம் ஒன்றின் சொல்லுக்கு உலகத்துப் பெயர்கள் அனைத்தும் கட்டுப்பட்டிருக்கமாட்டா.

இவ்வரம்பு லோட் பேலன்சருக்கும் உண்டு. பயனர் காணும் பூட்டுக்குறி, முகப்பில் நிற்பது இன்ன பெயருக்குரியது, அதுவரை செல்லும் பேச்சை இடையில் எவரும் படிக்க இயலாது என்று மட்டுமே சொல்கிறது. பல அமைப்புகளில் மறையாக்கம் அவ்வாயிலிலேயே அவிழ்கிறது. அங்கிருந்து பின்னாலுள்ள சர்வருக்குச் செல்லும் செய்தி மீண்டும் மறைக்கப்படுகிறதா, வெறும் எழுத்தாகவே போகிறதா என்பதைச் சான்றிதழ் அறியாது, ஆகவே சொல்லவும் சொல்லாது. அவ்வழியைப் பயனர் காணவும் முடியாது, கருதியறியவும் முடியாது. அதற்கு ஆப்தர், அதை அமைத்த பொறியாளர் ஒருவரே.