புனிதத்துக்கு வயது உண்டா?

கியோட்டோவின் தோஃபுகுஜி ஆலயத்தில், தலைமைத் துறவியின் இல்லத்துக்குக் கிழக்கே ஒரு சிறு முற்றம். வரி வரியாகக் கீறிய வெண்சரளைக்கு நடுவே ஏழு கல் உருளைகள் வெவ்வேறு உயரத்தில் நிற்கின்றன. நாம் சப்தரிஷி மண்டலம் என்று அழைக்கும் ஏழு விண்மீன்களைத்தான் அவை தரையில் வரைந்து காட்டுகின்றன. அந்தக் கற்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பார்ப்பவர் சற்றுத் தயங்குவார். துறவிகளின் பழைய கழிப்பறைக் கட்டடத்தின் தூண்களைத் தாங்கியவை அவை. பழுதுபார்ப்பில் மிஞ்சிப்போய்க் கிடந்தவை.

1939-இல் அவற்றை எடுத்து விண்மீன்களாக நட்டவர் ஷிகெமோரி மிரே. அவர் பரம்பரைத் தோட்டக்காரர் அல்லர். ஒகயாமா மாவட்டத்தில் 1896-இல் பிறந்து, தோக்கியோவில் ஓவியம் படித்த மாணவர். தேநீர்ச் சடங்கும் மலரடுக்கும் இளமையிலேயே பழகியவர். உழவர்களை வரைந்த பிரெஞ்சு ஓவியர் மிலேயின் மீது கொண்ட பற்றால் பெற்றோர் வைத்த பெயரையே விட்டு ‘மிரே’ ஆனார். பிள்ளைகளுக்கும் காண்ட், கெதே, பைரன் ஆகியோர் பெயர்களை ஜப்பானிய ஒலியில் சூட்டினார். கலையையும் தத்துவத்தையும் சேர்த்துக் கற்பிக்க ஒரு கல்விக்கூடம் தொடங்க வேண்டும் என்பது அவர் கனவு. 1923-இல் தோக்கியோவைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் அந்தக் கனவையும் புதைத்துவிட்டது. சொந்த ஊர் திரும்பினார். 1929-இல் கியோட்டோவுக்குக் குடிபெயர்ந்தார்.

ஐந்து ஆண்டுகளில் இன்னொரு பேரழிவு வந்தது. 1934 செப்டம்பரில் வீசிய முரோட்டோ புயல் மேற்கு ஜப்பானைச் சூறையாடியது. கியோட்டோவின் பழந்தோட்டங்கள் பலவும் சிதைந்தன. எந்தக் கல் எங்கே இருந்தது, எந்த மரம் எதை மறைத்து நின்றது என்பதற்குச் சரியான வரைபடம்கூடப் பலவற்றுக்கு இல்லை. இருந்த இடத்தில் மீண்டும் வைக்கலாம் என்றால், இருந்த இடம் எது? ஷிகெமோரி அளவுநாடாவும் வரைதாளும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான தோட்டங்களை அளந்து, வரைந்து, வரலாறு தேடி எழுதினார். 1939-இல் அந்த உழைப்பு 26 தொகுதிகளாக நிறைவுற்றது.

பழமையின் மேல் இவ்வளவு பக்தி கொண்ட ஒருவர் தன் முதல் பெரிய தோட்டத்தை எப்படி அமைப்பார்? பதினைந்தாம் நூற்றாண்டுப் பாணியில் ஒன்று என்றுதான் எவரும் நினைப்பார்கள். தோஃபுகுஜியில் அவர் செய்தது அதற்கு நேர்மாறு.

1236-இல் தொடங்கப்பட்ட ஸென் பௌத்த ஆலயம் அது. 1881-இல் தீயில் எரிந்த துறவி இல்லம் 1890-இல் மீண்டும் எழும்பியது. அதைச் சுற்றித் தோட்டம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. செலவழிக்க ஆலயத்திடம் பணமும் இல்லை. ஷிகெமோரி ஊதியம் வாங்காமல் வடிவமைக்க முன்வந்தார். ஆலயத் தரப்பு ஒரே ஒரு நிபந்தனை வைத்தது: வளாகத்தில் கிடக்கும் பழைய பொருள் எதையும் வீணாக்கக் கூடாது. எதையும் விரயம் செய்யாதிருப்பது ஸென் துறவிக்கு அன்றாட ஒழுக்கம். அந்த ஒழுக்கத்திலிருந்துதான் கழிப்பறைக் கற்கள் விண்ணுக்கு ஏறின.

வடக்கு முற்றத்தில் பாசிக்கு இடையே சதுரக் கற்கள் சதுரங்கப் பலகைபோல் மாறி மாறிப் பதிந்திருக்கின்றன. அரசத் தூதர் வாயிலின் நடைபாதையில் கிடந்த பழைய பாவுகற்கள் அவை. ஒரு மூலையில் நெருக்கமாகத் தொடங்கும் கட்டங்கள் நகர நகர இடைவெளி விட்டு, ஒன்றிரண்டாகச் சிதறி, வெறும் பாசிக்குள் கரைந்துபோகின்றன. மேற்கில் அதே கட்டங்கள் அசேலியாப் புதர்களால் ஆனவை. தெற்கில் சரளைக் கடலும், அமரர் வாழும் தீவுகளாக நிற்கும் பெரும் பாறைகளும், ஐந்து பாசிக் குன்றுகளும். தெற்கு மரபுக்கு உட்பட்டது. வடக்கோ நவீன ஓவியர் மாந்த்ரியானின் கட்ட ஓவியங்களை நினைவூட்டுகிறது. நான்கு முற்றங்களிலும் உள்ள எட்டுக் காட்சிகளும் சேர்ந்து புத்தர் வாழ்வின் எட்டு நிலைகளைக் குறிக்கின்றன என்றார் ஷிகெமோரி.

இங்கேதான் கேள்வி எழுகிறது. வழிபாட்டு இடத்தில் ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்யலாமா? அது சாதாரணக் கேள்வி அல்ல. பக்தர் ஆலயத்துக்குள் நுழைவதே தன் பாட்டனும் பூட்டனும் நின்ற இடத்தில் நிற்பதற்காகத்தான். தலைமுறைகள் திரும்பத் திரும்பச் செய்ததுதான் சடங்கு. திரும்பச் செய்வதில்தான் அதன் உயிர் இருக்கிறது. இடையில் ஒரு கலைஞர் வந்து தன் கற்பனையை நட்டால், வணங்க வந்தவர் ரசிகராகிவிடுகிறார். வணக்கமும் ரசனையும் ஒன்றல்ல. இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது. அதைத் தாண்டிப் போகும் எந்த விடையும் அதற்கு முதலில் மதிப்புக் கொடுக்க வேண்டும்.

ஆனால் ஜப்பானின் ஆகப் புனிதமான இடத்தையே எடுத்துக்கொள்வோம். இசே ஆலயத்தின் மரக்கட்டடங்களை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புது மரத்தில் அதே வடிவில் எழுப்பிவிட்டு, பழையவற்றைப் பிரிக்கிறார்கள். 690-இல் தொடங்கிய வழக்கம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் நெடுநாள் தடைபட்டும் மீண்டும் தழைத்தது. 2013-இல் நடந்தது 62-ஆவது முறை. பொருள் என்றும் இளமை; வடிவம் ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமை. புனிதம் மரத்தின் வயதில் இருந்திருந்தால், ஒவ்வொரு இருபதாம் ஆண்டும் அது விறகாகப் போயிருக்கும். இசே அதை வடிவத்தில், செய்முறையில், தச்சரின் கையில் வைத்திருக்கிறது.

ஷிகெமோரி இதைத் தலைகீழாக்கினார். அவரிடம் பொருள் பழையது, வடிவம் புதியது. தூதர்கள் மிதித்த கல், துறவிகளின் கழிப்பறையைச் சுமந்த கல் ஆகியவற்றின் நினைவு எதுவும் அழியவில்லை. அவை செய்யும் வேலை மட்டும் மாறியது. இதை மரபு மீறல் என்று சொல்வதைவிட, மரபின் இன்னொரு கிளை என்பதே பொருந்தும். ஸென் ஆலயங்களில் நாள்தோறும் ஓதப்படும் இதய சூத்திரம் தூய்மை, அழுக்கு என்ற பிரிவையே மறுக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவி தோகென், கழிப்பறையில் எப்படி நடந்துகொள்வது, எப்படிக் கழுவுவது என்பதை விளக்க ஒரு முழு அத்தியாயம் எழுதியவர். அப்படி எழுதியவரைக் கொண்ட ஸென் மரபில், கழிப்பறைக் கல் சப்தரிஷி ஆவதைவிடப் பொருத்தமான விளக்கவுரை ஏது?

பழந்தோட்டங்களைக் கட்டியவர்களின் கதையும் இதையே சொல்கிறது. முரோமாச்சி எனப்படும் இடைக்காலத்தில் கல் சுமந்து, மரம் நட்டு, துறவிகளும் பிரபுக்களும் போற்றிய தோட்டங்களை உருவாக்கியவர்களில் பலர் ‘கவாரமோனோ’ எனப்பட்ட ஆற்றங்கரை மக்கள். தோல் வேலையும் இறந்த விலங்குகளை அகற்றுவதும் அவர்கள் தொழில் என்பதால் தீட்டுப்பட்டவர்களாக ஒதுக்கப்பட்டவர்கள். அவர்களில் ஸென்அமி என்பவர் இராணுவ ஆட்சியாளர் (ஷோகன்) அஷிகாகா யோஷிமாசாவின் பெருமதிப்பைப் பெற்றார். பதினைந்து கற்களால் உலகப் புகழ்பெற்ற ரியோஆன்ஜி தோட்டத்தில், ஒரு கல்லின் பின்புறம் இரு பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவை அத்தகைய தொழிலாளர் பெயர்கள் என்று கருதப்படுகிறது. வழிபாட்டுக்குரிய அமைதி என்று இன்று நாம் வியப்பதை, அன்றைய சமூகம் தொடக்கூடாது என்று விலக்கிய கைகள் செய்திருக்கின்றன. புனிதம் யாரிடமிருந்து வர முடியும் என்பதற்கு வகுக்கப்பட்ட விதிகளை அந்தக் கற்கள் எப்போதோ உடைத்துவிட்டன.

கியோட்டோவின் சாய்ஹோஜி ஆலயத்துப் பாசித் தோட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 1339-இல் துறவி முசோ சோசெகி அதைச் சீரமைத்தபோது இன்று நாம் காணும் பாசி அங்கே இல்லை. பிற்காலத்தில் ஆலயம் பராமரிக்க வழியின்றித் தவித்த காலத்தில், ஈரமும் நிழலும் சேர்ந்து தாமாக வளர்த்தது அது. இன்று சுமார் 120 வகைப் பாசிகள் அங்கே உண்டு. முசோ வடித்த தோட்டமா, வறுமை வளர்த்த தோட்டமா? காலத்தின் கைவரிசைக்கு மட்டும் ‘தொன்மை’ என்று பெயரிட்டு வணங்கிவிட்டு, மனிதக் கையின் புதுமையைச் சந்தேகிப்பது சற்றுப் பாரபட்சம்தான்.

1961-இல் ஷிகெமோரி தைதோகுஜி வளாகத்திலுள்ள ஸுய்ஹோஇன் ஆலயத்தில் வேலை செய்தார். அதை நிறுவிய ஓட்டோமோ சோரின் ஒரு போர்த்தலைவர். 1578-இல் அவர் பிரான்சிஸ்கோ என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டுப் படையெடுப்பில் அவர் படைகள் பௌத்த ஆலயங்களை இடித்தன. அப்படிப்பட்டவரின் நினைவைச் சுமக்கும் ஸென் ஆலயத்தின் பின்முற்றத்தில் ஷிகெமோரி ஏழு கற்களை வைத்தார்: நீளவாக்கில் நான்கு, குறுக்கே மூன்று. கூர்ந்து பார்த்தால் அது சிலுவை. பகையை மறைக்காமலும், அதைக் குத்திக் காட்டாமலும், ஒருவரின் நம்பிக்கைக்கு இன்னொருவரின் வீட்டில் இடம் கொடுக்கும் செயல் அது. பழைய தோட்டங்களைப் படியெடுப்பவரால் அதைச் செய்திருக்க முடியாது. அதற்கு முன்மாதிரியே கிடையாது.

தோட்டம் என்பது இயற்கையின் நகல் அல்ல, மனிதர் படைக்கும் கலை என்பது ஷிகெமோரியின் நிலைப்பாடு. அவர் அந்தக் கலையின் வேரைத் தேடிப்போய்ச் சேர்ந்த இடமோ, மனிதர் தொடாத பாறை. கடவுள் வந்து இறங்கும் இருக்கை என்று ஷின்தோ மரபு வணங்கும் ‘இவாகுரா’ப் பாறைகளில்தான் ஜப்பானியத் தோட்டத்தின் தொடக்கத்தைக் கண்டார். 701-இல் தோன்றிய மட்சுவோ ஆலயத்தின் பின்மலையில் அத்தகைய பாறை ஒன்று உண்டு. அதன் அடிவாரச் சரிவில், வாழ்வின் கடைசி மாதங்களில், அவர் ஷிகோகு தீவின் நீலப்பச்சைக் கற்களைச் செங்குத்தாக நட்டார். நடுவிலுள்ள இரண்டும் அவ்வாலயத்தின் ஆண், பெண் தெய்வங்களைக் குறிப்பவை. மலையிலுள்ள பாறையில் கடவுள் இறங்குவார் என்றால், 1975-இல் கிரேன் தூக்கி வைத்த கல்லில் இறங்க மாட்டாரா? அவர் கற்களாலேயே கேட்ட கேள்வி இது. அதே ஆண்டு அவர் மறைந்தார். மட்சுவோவில் எஞ்சிய குளத் தோட்டத்தை மகன் கான்டோ முடித்துவைத்தார்.

தோஃபுகுஜியின் நான்கு முற்றங்களும் 2014-இல் தேசிய எழிலிடமாக அறிவிக்கப்பட்டன. இனி அங்கே ஒரு கல்லை நகர்த்தவும் அரசின் அனுமதி வேண்டும். ஒரு காலத்தில் துணிச்சலாக இருந்தது இப்போது காக்கப்பட வேண்டிய தொன்மை. அந்தப் பாதுகாப்பு அவசியமானது, வரவேற்கத்தக்கது. ஆனால் இன்று ஓவியம் படிக்கும் இன்னொரு இளைஞருக்கு இத்தகைய துணிச்சல் வந்தால், அவர் தோஃபுகுஜிக்குப் போய்ப் பயனில்லை. கையில் காசில்லாத, முற்றம் வெறுமையாகக் கிடக்கிற, பழைய கற்களைக் கொட்டி வைத்திருக்கிற வேறொரு ஆலயத்தையும், அவரை நம்பும் ஒரு தலைமைத் துறவியையும் அவர் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.