கொள்வோர் அறம்

பிறப்பு நோக்கிப் பொருளை விலக்குதல் தீதெனின், பிறப்பு நோக்கி விரும்பி வாங்குதல் மட்டும் அறமாகுமா? மும்பைத் தாராவியின் தோல்தொழிற் கூடங்களில் தமிழகத்து ஆதிதிராவிடர் பலர் தலைமுறைகளாக உழைத்தனர். செய்தவர் பெயர் பொருளில் இல்லாதவரை அதனை வாங்க எவரும் தயங்கவில்லை. இதற்கு மாறாக, சுதீர் ராஜ்பர் மும்பையில் தொடங்கிய 'சமார் ஸ்டுடியோ', வசையாக வழங்கிய சாதிப்பெயரையே வணிகப்பெயராக்கியது. ஆகவே இங்குப் பெயரறிந்து வாங்குதல், பறித்த பெயரைத் திருப்பித் தருதலாகும். ஆயின் அம்பேத்கர் பிறந்தநாளில் மட்டும் வாங்குவது ஈகையளவில் நின்றுவிடும். தோல்விலையும் கூலியும் வாடகையும் திங்கள்தோறும் வருவன. நடுவணரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் ஆணை, அரசுத்துறைகளின் ஆண்டுக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியலினத்தார், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. அங்கு இரக்கத்துக்கு வேலையில்லை, கணக்கே உண்டு. தனியொருவருக்கு அத்தகைய ஆணை இல்லை. செருப்பறுந்த நாளில் எக்கடை நோக்கி நடப்பது என்பதை அவரே முடிவு செய்கிறார்.