ஓர் இரவே நின்ற மனமாற்றம்

ஆரணியாற்றங்கரையில், பெரியபாளையத்தில் சங்கு சக்கரம் ஏந்தி எழுந்தருளியுள்ள பவானி அன்னை, கம்சன் கையினின்றும் விண்ணேகிய மாயையே என்பது தலவரலாறு.

அன்று கம்சன் மனத்தில் நிகழ்ந்ததை ஸ்ரீமத் பாகவதம் தசம ஸ்கந்தம் விரித்துரைக்கின்றது. "உன்னைக் கொல்பவன் வேறிடத்தில் பிறந்துவிட்டான்" என்று அவள் உரைத்ததும் அவன் திகைத்தான். தேவகி வசுதேவரின் விலங்கை அகற்றினான். காலில் விழுந்து கண்ணீர் விட்டான். ஆறு மக்களை இழந்த தேவகியும் சினம் தணிந்தாள்.

ஆனால் பொழுது விடிந்ததும் அவன் தீய மந்திரிகளுக்குச் செவிசாய்த்தான். அடங்கிய அச்சம் மீண்டெழுந்தது. பச்சிளங் குழந்தைகளைக் கொல்ல ஆணை பிறந்தது.

அடியார்களே! நம் சினத்தின் அடியிலும் பெரும்பாலும் ஓர் அச்சமே ஒளிந்திருக்கும், அதைக் கண்டுகொள்ளுங்கள். பச்சாத்தாபம் எவர்க்கும் வரும். அதை மறுநாளும் காப்பதே அரிது. இல்லம் திரும்பியதும், தணிந்த சினத்திற்குத் தூபமிடுவார் சொல்லைக் கேளாதீர்கள். அவ்வேளையில் கண்ணன் திருநாமத்தைச் சொல்லுங்கள்.