பகுதியும் தொகுதியும்

காலா அஸாரை ஒழித்துவிட்டோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வட்டாரத்தில், பத்தாயிரம் பேருக்கு ஆண்டுக்கு ஒருவர் என்ற விகிதத்துக்கும் கீழே நோய் இறங்கிவிட்டால், அது பொதுச் சுகாதாரப் பிரச்னை அல்ல. 2023-இல் இந்தியாவில் இந்நோய் கண்ட வட்டாரங்கள் எல்லாம் அந்த எல்லைக்குக் கீழே வந்துவிட்டன. பீகார்ச் சுவர்களில் எழுதியிருக்கும் ஹிந்திச் சொல் 'உன்மூலன்' - வேரோடு பிடுங்குதல். கணக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. இரண்டு லட்சம் பேர் உள்ள வட்டாரத்தில் வருஷத்துக்குப் பத்தொன்பது பேர் படுக்கலாம்; வேர் பிடுங்கியாயிற்று என்றுதான் பெயர்.

இதை மோசடி என்று சொல்ல வரவில்லை. 1992-இல் மட்டும் இந்தியாவில் 77,000 பேருக்கு மேல் பதிவான நோய் இது. மருந்தில்லாமல் விட்டால் அநேகமாகச் சாவுதான். எண்ணாமல் அதைக் குறைத்திருக்க முடியாது. என் சங்கடம் அந்தப் பத்தாயிரத்தைப் பற்றியது. ஏனென்றால் அதில் நானும் இருந்தேன்.

வங்கி உத்தியோகம் என்னை மூன்று வருஷம் முஸாஃபர்பூர் மாவட்டத்துக் கிளை ஒன்றில் வைத்திருந்தது. குடியிருந்தது சிமென்ட் வீட்டின் மாடியில், கொசுவலைக்குள். நோயைக் கொண்டுவரும் மணல் ஈ - அங்கே 'பாலு மக்கி' - கொசுவில் மூன்றில் ஒரு பங்குகூட இராது, ரீங்காரம் கிடையாது, உயரப் பறக்காமல் தத்தித் தத்திப் போகும். மண்சுவரின் விரிசலும், மாட்டுக்கொட்டிலின் ஈரமண்ணும் அதற்குப் போதும். மருந்தடிப்பவர்கள் சுவரில் ஆறடிக்கு மேல் போவதில்லை. என் மாடிக்கு அது வர வழியே இல்லை. ஆனால் வட்டாரத்தின் ஜனத்தொகையில் எனக்கும் ஓர் எண் உண்டு. பள்ளிக்கூடக் கணக்கில் கோட்டுக்குக் கீழே இருப்பதைப் பகுதி என்போம், மேலே இருப்பதைத் தொகுதி. (தனியாக நிற்கும் அந்த ஒருவனுக்குத் 'தொகுதி' என்று பெயர் வைத்தது யாரோ?) பகுதியில் என் போன்றவர்கள் கூடக் கூட விகிதம் இறங்கும். நான் எதுவும் செய்ய வேண்டாம். மாடியில் தூங்கினால் போதும், முஸஹர் டோலாவில் காய்ச்சலோடு கிடப்பவன் அந்த அளவுக்குப் பிரச்னையாக இல்லாமல் போகிறான்.

அந்த டோலாவிலிருந்து ஒருவன் கிளைக்கு வருவான். செங்கல் சூளை வேலை. காலா அஸார் வந்து, நரம்பில் ஒரே நாளில் மருந்தேற்றி, பிழைத்தவன். கூலி இழப்புக்காக மாநில அரசு தரும் 6,600 ரூபாய் அவன் கணக்கில் விழுந்த அன்றுதான் முதலில் பார்த்தேன். இரண்டு வருஷம் கழித்து வந்தபோது கன்னத்திலும் வாயைச் சுற்றியும் வெளிறிய தேமல். அரிப்பில்லை, காய்ச்சல் இல்லை, சூளையில் முழுநாள் வேலை செய்கிறான். ஆனால் அந்தத் தோலில் கிருமி இருக்கிறது. அதைக் கடிக்கும் ஈ இன்னொரு வீட்டுக்கு அதைக் கொண்டுபோகும். பன்னிரண்டு வாரம் மாத்திரை. தின்றால் குமட்டல், வாந்தி. வாந்தியெடுத்த நாளில் சூளை இல்லை.

"மானேஜர் ஸாஹப், எனக்கு ஒன்றுமில்லையே. இதை யாருக்காகத் தின்கிறேன்?"

பிள்ளைகளுக்காக என்றேன். தலையாட்டினான். பதில் சரிதான், ஆனாலும் அதைச் சொல்லும் யோக்யதை எனக்கு இருந்ததா என்பது வேறு விஷயம். அவன் பத்தாயிரம் பேருக்காக வாந்தியெடுக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். பத்தாயிரம் பேர் அவனுக்காக என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு எந்தச் சுவரிலும் ஒரு வரி எழுதியிருக்கவில்லை. தியாகம் என்ற வார்த்தையை இங்கே போட்டால் அசிங்கமாக இருக்கும். தியாகம் செய்கிறவனுக்கு மறுக்கவும் கொஞ்சம் இடம் இருக்க வேண்டும்.

இந்த நோயின் சரித்திரம் நம் ஊரில்தான் ஒரு வளைவு திரும்பியது. 1903 மே மாதம் லீஷ்மன், டம்டம்மிலிருந்து திரும்பி இங்கிலாந்தில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் கண்ட உருவங்களைப் பற்றி எழுதினார். அடுத்த மாதம், ஜூன் 17-இல், சென்னை அரசு பொது மருத்துவமனையில் டோனவன், காய்ச்சலில் கிடந்த பன்னிரண்டு வயதுப் பையனின் மண்ணீரலில் ஊசி செருகி, உயிரோடிருக்கும் உடம்பில் அதே உருவங்களைப் பார்த்தார். ரொனால்ட் ராஸ் கிருமிக்கு இருவர் பெயரையும் சூட்டினார்: லீஷ்மேனியா டோனவனி. டோனவன் தம் குறிப்பில் பையனின் வயதைச் சொல்கிறார், பெயரைச் சொல்லவில்லை. இன்றைக்கு என்னை உறுத்துவது பெயர் விடுபட்டதுகூட அல்ல. அறிவு தொடங்குவதற்கு ஓர் உடம்பு போதுமாயிருந்தது. பத்தாயிரத்தில் எத்தனை என்று அன்று யாரும் கேட்கவில்லை. நூற்றிருபது வருஷம் கழித்து அதே ஓர் உடம்பு, எதையும் தொடங்கவோ நிறுத்தவோ போதாததாகிவிட்டது.

எண்ணிக்கைக்குக் கீழே போவது இல்லாமல் போவதல்ல என்பதை பீகார் ஒருமுறை பார்த்திருக்கிறது. 1950-களில் மலேரியாவுக்கு அடித்த டி.டி.டி. மணல் ஈயையும் கொன்றது. காலா அஸாரை யாரும் குறிவைக்காமலே அது அநேகமாக மறைந்தது. மருந்தடிப்பு நின்றது. 1977-இல் வடபீகாரில் கொள்ளைநோயாகத் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் அது எங்கே இருந்தது என்று கேட்டால், தேமல் படிந்த கன்னங்களைத்தான் பலரும் காட்டுகிறார்கள். ஆரோக்கியமாக நடமாடியவர்கள், யாருக்கும் தீங்கு நினைக்காதவர்கள்.

நான் மாற்றலாகிக் கிளம்பிய மாதம் அவன் கிளைக்கு வரவில்லை. மாத்திரையை முடித்தானா என்று அந்த டோலாவின் ஆஷா பணியாளரிடம் கேட்டிருக்கலாம். வாரம் இருமுறை அந்த அம்மாளும் வங்கிக்கு வருவாள்தான். கேட்கவில்லை.